ஒன்றரைக் கட்டை கீழே

தீனதயாளன் தன் பெண்டாட்டியின் குரலை ரெண்டு வருஷமாகக் கொஞ்சங்கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான். அதட்டி உருட்டி ஒன்றும் இல்லை. "உன்ர நல்லதுக்குத்தான் சொல்றேன் அம்மிணி" என்று பாசமாகத்தான். அதட்டுகிறவனையாவது திருப்பிக் கேட்கலாம். பாசமாகப் பேசுகிறவனை என்ன செய்வது?

சுப்பண்ணனின் மெல்லிசைக் குழுவில் தீனன் லீடு கிதார். அவன் மனைவி சண்முகப்பிரியா அதே குழுவில் பாடகி. கல்யாணம், கோயில் நோம்பி, கம்பெனி விழா என்று திருப்பூரைச் சுற்றி எங்கே பந்தல் போட்டாலும் இவர்கள் வேன் அங்கே போய் நிற்கும். பிழைப்பு என்னவோ பனியன்தான். தீனன் முதலிபாளையத்தில் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறான், பிரியா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். பாட்டெல்லாம் லீவு நாளுக்குத்தான். ஆனால் அந்த லீவு நாளை நம்பித்தான் மற்ற நாட்களை ரெண்டு பேரும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாடுகிறவர்கள் தங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். கட்டை ஏற ஏறக் குரலும் ஏறும். பிரியா அஞ்சரைக் கட்டை. கல்யாணத்துக்கு முன்னால், பாவாடை தாவணியில் வந்து முதன்முதலாக மைக்கைப் பிடித்தபோதே அஞ்சரைதான். அந்த உச்சியில் போய் அவள் நிறுத்தும்போது பந்தலில் சோறு தின்கிறவன்கூடக் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிமிர்ந்து பார்ப்பான். தீனன் மயங்கியதும் அந்த உச்சியில்தான். பெண் கேட்டுப் போன ஊட்டில் காப்பி கொடுத்தவளின் முகத்தை அவன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை என்று சுப்பண்ணன் இன்றைக்கும் கேலி பேசுவார்.

அதே பிரியா இப்போது நாலு கட்டையில் பாடிக்கொண்டிருந்தாள். முதலில் அரைக் கட்டை இறக்கினான். அப்புறம் இன்னும் ஒரு அரை. போன பங்குனியில் இன்னும் ஒரு அரை. குழந்தை பெற்ற உடம்பு, தொண்டை முன்னை மாதிரி இல்லை, மேலே போனால் கீறல் விழுகிறது என்று ஒவ்வொரு தடவையும் காரணம் சொன்னான்.

அவள் தொண்டையில் ஒரு கீறலும் இல்லை. போயிருந்தது அவனுடைய காது.

மீசை முளைக்கிற வயதிலிருந்து நிட்டிங் யூனிட்டில் நிற்கிறவன் அவன். வட்ட மிஷின்கள் வரிசையாக ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஊசி உடைந்தால் ஒரு கைச் சாடை, நூல் தீர்ந்தால் ஒரு கைச் சாடை, மேனேஜர் வந்தால் அதற்கும் ஒன்று. காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவனைப் பார்த்தால், "ஏண்டா, பிள்ளை பெத்தவளாட்டம் பஞ்சு வெச்சிருக்கற?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே காதைப் பறிகொடுத்தவர்கள் அந்தத் தொழிற்பேட்டையில் எத்தனையோ பேர். தீனன் அதில் ஒருத்தன்.

முதலில் குக்கர் விசில் போனது. அப்புறம் செல்போன் மணி. அப்புறம் பக்கத்து அறையில் குழந்தை சிணுங்குவது. போனதற்குப் பதிலாக ஒரு சத்தம் உள்ளே வந்து குடியேறியது. ஙீ... என்று ஓயாத ஒரே சீழ்க்கை. ஊர் அடங்கினால் அது எழுந்துகொள்ளும். யாருக்கும் சொல்லாமல் கோயமுத்தூர் போய்க் காட்டினான். நரம்பு செத்துப்போயிருக்கிறது, மேல் சத்தங்கள்தான் முதலில் போகும், போனது திரும்பாது, மிஷின் சத்தத்தை விட்டு விலகி இருங்கள் என்றார் டாக்டர். பனியன் ஊரில் மிஷின் சத்தத்தை விட்டு எங்கே விலகுவது? மீன்காரியிடம் போய் மீன் வாசத்தை விட்டுத் தள்ளி இரு என்று சொல்கிற கதைதான்.

ஊட்டுக்கு வந்தவன் கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிரியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா ஊட்டுக்குப் போயிருந்தாள். ஒவ்வொரு கம்பியாக, கிதாரின் கழுத்தில் பதித்த ஒவ்வொரு ஃப்ரெட்டாக, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று தட்டிப் பார்த்தான். தடித்த கம்பிகள் பழுதில்லை. மெல்லிசுக் கம்பிகளில் கழுத்தின் பாதிக்கு மேலே போகப் போக, சத்தம் மெலிந்து, கடைசியில் சுவரைச் சுண்டுவிரலால் தட்டுகிற மாதிரி 'டொக்' மட்டும் மிஞ்சியது. அன்றைக்குத்தான் அவன் எந்த ஸ்கேலை, அதாவது எந்தச் சுர வரிசையைப் பழகுவது என்று முடிவு செய்தான்.

கிதார் கற்கிறவர்கள் ஸ்கேலை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? எந்தப் பாட்டுக்கு எது வேண்டும், எந்தப் பாடகருக்கு எது பொருந்தும், கைக்கு எது கடினம், அந்தக் கடினத்தை முதலில் உடைப்போம் என்று பார்ப்பார்கள். சுப்பண்ணன் குழுவில் சேர்ந்த புதிதில் தீனனும் அப்படித்தான். மேஜரா மைனரா என்று கூடப் பார்க்காமல் பன்னிரண்டு சுருதியிலும் கை ஓடும்படி வைத்திருந்தான். இப்போது எது காதில் விழுகிறதோ அதுதான் நல்ல ஸ்கேல் என்று ஆகிவிட்டது. கழுத்தின் அடிப்பக்கத்தில், தடித்த கம்பிகளில் முடிந்துபோகிற ஸ்கேல்கள் நாலைந்தை வைத்துக்கொண்டான். மற்றதை எல்லாம் கைகழுவினான்.

வைத்துக்கொண்டதை மட்டும் வெறி பிடித்தவன் மாதிரி சாதகம் செய்தான். முதலில் எறும்பு நடையாக, ஒரு சுரம் விட்டு ஒரு சுரம், ஏறும்போது ஒரு விரல், இறங்கும்போது வேறு விரல். கிதாரை யூனிட்டுக்கே கொண்டுபோய், மிஷின்களை விட்டுத் தள்ளி அடுக்கியிருந்த நூல் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தான். மிஷின்கள் ஓட ஓட, தன் சாப்பாட்டு நேரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து வாசிப்பான். ஊட்டு அமைதியில் காதுச் சீழ்க்கை எல்லாவற்றையும் மூடிவிடும். மிஷின் இரைச்சலில்தான் அந்தச் சனியன் வாயை மூடும். காதைக் கெடுத்த இடத்திலேயே போய் உட்கார்ந்து காதுக்குச் சுகம் தேடினான் பாவி.

சுப்பண்ணன் கேட்டார். "ஏந் தம்பி, எல்லாமே கீழயே வாசிக்கற? முன்னயெல்லாம் மேல போயி வெளையாடுவியே?"

"நம்ம சனத்துக்குக் கனமான சத்தந்தானுங்கண்ணா புடிக்குது. மேல போனா கீச்சுக் கீச்சுனு இருக்குது."

சுப்பண்ணன் தபேலாக்காரர். கனம் என்றால் அவருக்கும் பிடிக்கும். "அதுஞ் செரிதான்" என்று விட்டுவிட்டார்.

ஆனால் பிரியாவின் குரலை எப்படிக் கீழே வாசிப்பது? திருமுருகன்பூண்டியில் ஒரு நோம்பிக்குப் பாடப் போனபோதுதான் அவனுக்கு அது முதலில் உறைத்தது. அவள் கண்ணை மூடி, இடது கையை உயர்த்தி மேலே போகிறாள். இவன் காத்திருக்கிறான். அந்த உச்சி வரவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, குரல் நூலாகி, நூலும் அறுந்து, வாய் மட்டும் திறந்து நிற்கிறது. ஜனங்கள் கை தட்டுகிறார்கள். எந்தக் குரலுக்காகக் கட்டிக்கொண்டானோ அது அவனுக்கு இல்லை, ஊரில் மற்ற எல்லாருக்கும் இருக்கிறது!

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். "பிரியா, எனக்குக் காது போகுது" என்று ஒரு வார்த்தை. சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தான். செவிட்டுக் கிதார்க்காரனை எந்தக் குழு வைத்துக்கொள்ளும்? சுப்பண்ணன் நல்ல மனுஷன்தான், இருந்தாலும் அவருக்கும் குழு நடக்கணுமே. கம்பெனிகளில் ஆள் ஆளுக்குப் பட்டப்பெயர் வைக்கிறவர்கள் இவனுக்கு என்ன வைப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் தன்னைப் பாவமாகப் பார்ப்பாள். அதை நினைத்தாலே உடம்பு கூசியது. அதனால் ஊட்டுக்கு வந்ததும் அவள் தலையைத் தடவிக் கொடுத்துச் சொன்னான். "மேல போகறப்ப ஒடையுது அம்மிணி. கொழந்தை பொறந்தா அப்படித்தானாமா. அரைக் கட்டை எறக்கிக்கலாம்."

பிரியா நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? பாட்டு விஷயத்தில் அவனுக்கு மேல் யாரையும் அவள் நம்பியதில்லை. மோரை விட்டாள், ஐஸ் தண்ணீரை விட்டாள். பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடித்தாள். செல்லாத்தாள், அதாவது அவளுடைய அம்மா, திருநீறு மந்திரித்துக் கொண்டுவந்து தொண்டையில் பூசிவிட்டாள். அப்படியும் போன பங்குனியில் இவன் உதட்டைப் பிதுக்கியதும், அவள் நாலு கட்டைக்கு வந்தாள். நாலு கட்டையில் அவள் குரல் சொந்த ஊட்டிலேயே விருந்துக்கு வந்த ஒறம்பரைக்காரி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்துகொண்டது. அப்புறம் ஊட்டில் பாடுவதை நிறுத்தினாள். பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பது கூட நின்றுபோனது. குழந்தையைத் தட்டித் தட்டி மட்டும் தூங்க வைத்தாள்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். சொல்லும்போது நேருக்கு நேராக உட்கார்ந்திருந்ததால் அவனுக்குப் புரிந்தது. "தீவாளியோட நான் நின்னுக்கறனுங்க. போன கொரலை வெச்சுக்கிட்டு எதுக்கு மேடையேறி நிக்கோணும்? சனங்க மூஞ்சியப் பார்க்கவே கூச்சமா இருக்குது."

இப்போதாவது வாயைத் திறந்தானா? இல்லை. "யோசிச்சுச் செய்யி" என்றான். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அவள் நின்றுவிட்டால் மேலே பாட ஆள் இல்லை, ஆண்குரல் ஒன்றை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அவன் மனதின் ஒரு மூலை நிம்மதிப்பட்டது. அந்த நிம்மதியை நினைத்து அவனே அவனைக் காறித் துப்பிக்கொண்டான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாதவன் குழுவுக்கு வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், நன்றாகக் கீபோர்டு வாசிப்பான். வாய்தான் கொஞ்சம் நீளம். சுப்பண்ணனின் குடோனில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது கரண்டு போனது. அந்த வருஷம் கரண்டு இருந்த நேரத்தைத்தான் சொல்ல வேண்டும், போன நேரத்தைச் சொல்லி மாளாது. கீபோர்டு செத்தது, ஃபேன் நின்றது. பிரியா மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டே, தன்னை மறந்து ஏதோ ஒரு வரியை மெல்ல இழுத்திருக்கிறாள் போல.

மாதவன் அப்படியே திரும்பிப் பார்த்தான். "ஏக்கா! ஒங்க கொரலு மேல இவ்வளவு அம்சமா நிக்கி, என்னத்துக்குக் கீழ கெடந்து உருளுதிய?"

"இல்ல தம்பி. கொழந்தை பொறந்ததுக்கப்பறம் போயிருச்சு. மேல போனா ஒடையுதாமா."

"எவன் சொன்னான்?"

பிரியா கணவனைப் பார்த்தாள். தீனனுக்கு அவர்கள் பேசியது பாதி விழவில்லை. ஆனால் மாதவனின் கை மேலே காட்டியதும், பிரியாவின் கை தொண்டைக்குப் போனதும், ரெண்டு பேர் கண்ணும் தன் பக்கம் திரும்பியதும் போதுமே. மிஷின்களுக்கு நடுவில் சாடை படித்துப் பழகிய கண். முகத்தில் ஈயாடவில்லை அவனுக்கு.

"வந்த புதுசுல எல்லாருந்தான் வித்துவான்" என்று கிதாரைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "மொதல்ல உன்ர கீபோர்டைப் பாரு தம்பி."

மாதவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கீபோர்டை மூடினான். பிரியா மட்டும் ஊட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஏதோ யோசனையாகவே இருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குத்தான் திருப்பூரில் மிஷின்கள் எல்லாம் வாயை மூடும். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, பூசணிக்காயை வாசலில் உடைத்திருந்தார்கள். மாதவன் வேலை செய்கிற கம்பெனியில்தான் கச்சேரி. மத்தியானச் சாப்பாடு முடிந்து, கட்டிங் செக்ஷனுக்கு வெளியே போட்ட பந்தலில் டெய்லர்களும் செக்கிங் பெண்களும் குழந்தை குட்டிகளோடு வந்து உட்கார்ந்தார்கள். வாழை மரம் கட்டிய வேன்கள் வெளியே வரிசையாக நின்றன.

ஊரே அமைதியாக இருந்ததால் தீனனின் காதுச் சீழ்க்கைக்குக் கொண்டாட்டம். காலையிலிருந்தே அது தலைக்குள் குதித்துக்கொண்டிருந்தது. சவுண்டு மிக்சர் பார்க்கிற குருசாமியிடம் போய், தன் காலடியில் இருக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டியில் தன் கிதாரை மட்டும் போடச் சொன்னான். வேறு எந்தச் சத்தமும் வேண்டாம், குழப்புகிறது என்றான். குருசாமி ஒருமாதிரி பார்த்தார். ஆனாலும் கேட்டபடி செய்துகொடுத்தார்.

நாலு பாட்டு ஓடியது. அஞ்சாவது பாட்டு பிரியாவுடையது. அறிவிப்பு முடிந்து கைதட்டல் ஓய்கிற நேரத்தில் மாதவன் கீபோர்டுக்கு மேலே குனிந்து தீனனைப் பார்த்து ஏதோ கத்தினான். என்ன சொன்னான் என்று சுப்பண்ணன் அப்புறமாகச் சொல்லித்தான் தீனனுக்குத் தெரிந்தது. "அண்ணே, அக்கா அஞ்சரையிலயே போவட்டும். நான் ஏத்துதேன், சரியா?" என்றிருக்கிறான். பிரியாவும் அதைக் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், கணவன் என்ன சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தாள்.

தீனன் தலையை ஆட்டினான்.

காது போனவர்கள் எல்லாருக்கும் தலையை ஆட்டுவார்கள். 'என்ன, என்ன' என்று எத்தனை தடவைதான் கேட்பது? சிரித்துக்கொண்டே ஒரு ஆட்டு ஆட்டிவிட்டால் எதிராளி போய்விடுவான். டீ வேண்டுமா என்றாலும் அதே ஆட்டல், நாளைக்கு ஷிஃப்ட் மாறலாமா என்றாலும் அதே ஆட்டல். அந்தப் பழக்கத்தில்தான் ஆட்டினான். அதைப் பார்த்த பிரியாவின் முகம் மலர்ந்ததே, அப்பா! என்ன அழகு! ரெண்டு வருஷத்துக்குப் பிறகு புருஷன் சரி என்று சொல்லிவிட்டான். தீனனும் அந்த மலர்ச்சியைப் பார்த்தான். எதற்கு என்று தெரியாமல் அவனும் சிரித்தான்.

மாதவன் ஆரம்பித்தான். பிரியா எடுத்தாள். தீனன் தன் முறை வந்ததும் நாலு கட்டையில், ஆயிரந்தடவை சாதகம் செய்த அந்த அடி ஸ்கேலில், கனமாக இறங்கினான். காலடிப் பெட்டியில் அவன் கிதார் மட்டும் கும்மென்று வந்தது. அன்றைக்கு விரல்கள் ஒன்றுக்கொன்று இடிக்காமல் எண்ணெய் போட்ட மாதிரி ஓடின. நன்றாக வாசிக்கிறோம் என்று அவனுக்கு ஒரே பெருமை. கண்ணை மூடிக்கொண்டான்.

கண்ணைத் திறந்தபோது முன்வரிசையில் ஒரு பெரியவர் புளி தின்ற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை ரெண்டு காதையும் பொத்தியிருந்தது. சுப்பண்ணன் தபேலாவை விட்டுக் கண்ணை எடுத்து இவனையே வெறித்தார். மாதவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். என்ன ஆச்சு இவர்களுக்கெல்லாம்?

பிரியா பாடிக்கொண்டே திரும்பினாள். அவன் விரல்கள் இருந்த இடத்தைப் பார்த்தாள். ஒரு கையை அவன் பக்கம் நீட்டி அஞ்சு விரலைக் காட்டி, அப்புறம் ஒரு விரலை மடக்கிப் பாதியாக்கிக் காட்டினாள். அஞ்சரை. அவனுக்கு அது புரியவில்லை. அஞ்சு நிமிஷம்தான் இருக்கிறது என்கிறாளோ என்று நினைத்து, சிரித்து, தலையை ஆட்டினான்.

அந்த ஆட்டலில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தீனன் தன் கண்ணாலேயே பார்த்தான், அவள் முகத்தில் வெளிச்சம் அணைந்து, என்னவோ ஒன்று கடகடவென்று கணக்குப் போட்டு முடிந்ததை. கூப்பிட்டால் திரும்பாதது, குழந்தை அழுதால் எழுந்திருக்காதது, டிவியை அலற விடுவது, அப்புறம் அரைக் கட்டை, இன்னொரு அரைக் கட்டை, இன்னொரு அரைக் கட்டை.

அவள் பாட்டை நிறுத்தவில்லை. கீழே இறங்கி வரவும் இல்லை. குருசாமி பக்கம் திரும்பி, கிதாரைக் காட்டி, உள்ளங்கையை மெதுவாகக் கீழே தாழ்த்தினாள். குருசாமியின் விரல் ஒரு பொத்தானைக் கீழே இழுத்தது. தீனனின் காலடிப் பெட்டி ஊமையானது.

பந்தல் நிறைய ஜனம். வாசிப்பதை நிறுத்தினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் சத்தமே வராத கிதாரை அவன் பாட்டு முடிகிறவரை வாசித்தான். தன் பெண்டாட்டி கண்ணை மூடி, இடது கையை உயர்த்தி, வாயைத் திறப்பதைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. தையல் மிஷினில் இடுப்பு ஒடிகிற பெண்கள் எல்லாம் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பொழுது சாயுமுன் ரெண்டு பேரும் வண்டியில் கிளம்பினார்கள். கிதாரை நடுவில் வைத்துக்கொண்டு பிரியா பின்னால் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவன் தோளில் பலமாக ஒரு அடி விழுந்தது. பதறிப்போய் ஓரமாக நிறுத்தினான்.

அவள் இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள். "எத்தன தடவை நிறுத்துங்க நிறுத்துங்கனு சொன்னேன்னு தெரியுமாங்க?"

"வண்டிச் சத்தத்துல..."

"காது குத்தாதீங்க." அவள் குரல் நடுங்குகிறது என்பதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். "எத்தன நாளா?"

அவன் ரோட்டைப் பார்த்தான். பொரி மூட்டை ஏற்றிய மொபெட் ஒன்று போனது. அப்புறம் சொன்னான், எல்லாவற்றையும். கோயமுத்தூர் போனது, டாக்டர் சொன்னது, கம்பி கம்பியாகத் தட்டிப் பார்த்தது, திருமுருகன்பூண்டியில் அவள் குரல் அறுந்தது. சொல்லச் சொல்ல இத்தனை நாள் சுமந்தது இறங்குகிற மாதிரி இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று கூட நினைத்தான். எவ்வளவு ஆசை பாருங்கள்!

"ஒடம்புக்கு வந்தது யாருக்கும் வருமுங்க" என்றாள் பிரியா. "அதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். உங்க காது போனதுக்கு என்ர தொண்டையை எதுக்குங்க அறுத்தீங்க?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"கொழந்தை பெத்ததுனால போச்சுன்னீங்க. நான் அந்தப் பிள்ளையப் பார்த்து, உன்னாலதாண்டி போச்சுனு மனசுக்குள்ள எத்தன நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா? பெத்த பிள்ளைய! பச்சைப் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடாம கெடந்தேனுங்க!" ரோடு என்றும் பார்க்காமல் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதாள். அவன் தொடப் போனான். தள்ளிவிட்டாள்.

அதற்கப்புறம் ஊட்டில் சோறு வந்தது, காப்பி வந்தது, பேச்சு வரவில்லை. பேசினாலும் அவனுக்கு எதிரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, தேவையானதை மட்டும் பேசினாள். அப்படி நிறுத்தி நிதானமாகப் பேசுவதே அவனைச் சுட்டது. சுப்பண்ணன் ஆள் அனுப்பினார். தீபாவளிக் கச்சேரிக்குப் பிரியா கட்டாயம் வேண்டும், அஞ்சரைதான், இனிமேல் எப்போதும் அஞ்சரைதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தீனனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பிரியா வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

உள் அறையில் அவள் மறுபடியும் பாட ஆரம்பித்ததை அவன் குழந்தையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். குழந்தை சோற்றுக் கிண்ணத்தை விட்டுவிட்டு அறை வாசலையே பார்த்துச் சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்டு இல்லை. தீனன் கூடத்தில் கிதாரோடு உட்கார்ந்தான். சுருதி காட்டுகிற டியூனரின் முள்ளைப் பார்த்துக் கம்பிகளைச் சரி செய்தான். அதற்குக் காது வேண்டாம், கண் போதும். அப்புறம் அஞ்சரைக் கட்டையின் ஸ்கேலை எடுத்தான். சும்மா விட்ட கம்பி அதில் துணைக்கு வருவது அபூர்வம். அநேகமாக எல்லாவற்றையும் விரலால் அழுத்தித்தான் ஆக வேண்டும். பாதி ஃப்ரெட்டுகள் அவன் காதுக்கு எட்டாத மேட்டில் இருந்தன. தட்டுத் தடுமாறி ஏறினான். எந்த ஃப்ரெட் என்று கண் சொன்னது, விரல் போனது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, சாயங்காலத்துக்குள் அது ஒரு வழிக்கு வந்தது.

ஆனால் நம் பாட்டுக்கு அது மட்டும் போதாதே. பிரியா உச்சிக்குப் போகிற இடத்தில் கிதாரும் ஒரு சுரத்தில் நிற்காமல் குழைந்து ஏற வேண்டும். கம்பியை விரலாலேயே மேலே தள்ளி வளைத்து, அடுத்த சுரத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எவ்வளவு தள்ளுவது என்பதற்கு ஃப்ரெட்டில் அடையாளம் கிடையாது. அதைக் காதுதான் சொல்ல வேண்டும். அவன் தள்ளினான். டொக். மறுபடி தள்ளினான். டொக்.

நிமிர்ந்தபோது அறை வாசலில் பிரியா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. குழந்தை இடுப்பில் தூங்கியிருந்தது.

"சுருதி சேந்துதா?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் அது உறைத்தது. அவள் என்ன சொன்னாலும் அவன் நம்பித்தான் ஆக வேண்டும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேடையில் அவனை ஊர் சிரிக்க விடலாம். கெட்டுப்போச்சு, விட்டுருங்க என்று பாசமாகச் சொல்லி, கொஞ்சங்கொஞ்சமாகக் கிதாரையே கீழே வைக்கச் செய்யலாம். சரிபார்த்துக்கொள்ள அவனிடம் ஒன்றுமில்லை. ரெண்டு வருஷம் அவன் அவளை நிற்க வைத்த இடம் இதுதான்.

அவள் அவசரப்படவில்லை. குழந்தையைப் பாயில் படுக்க வைத்தாள். வந்து அவன் எதிரில், வாய் தெரியும்படி உட்கார்ந்தாள்.

"சேரலீங்க" என்றாள். "இன்னும் மேல போகோணும்."

நிஜமாகவே சேரவில்லையா, பழி தீர்க்கச் சொல்கிறாளா? அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவன் கண்ணீர் கிதார் மேல் விழுந்தது. தீனன் அதைத் துடைக்காமல் கம்பியைத் தள்ளினான். விரல் நுனி அறுகிற மாதிரி வலித்தது.

"இன்னும்" என்றாள் பிரியா.

தள்ளினான்.